கட்டளையும் வழுவும்: மூலநிரலிலிருந்து லினக்ஸ் முறைமையைக் கட்டும் மரபு – ஒரு வரலாற்று நோக்கு

மொழி வழங்கும் இடமெங்கும் வழுவும் நேரும் என்பதைத் தமிழிலக்கண ஆசிரியர்கள் நன்குணர்ந்திருந்தனர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கம் பெரும்பாலும் வழுக்காத்தல் பற்றியதாகவே அமைந்துள்ளது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவை எழுவகைப்படுத்தினார் நன்னூலார். வழாநிலை, வழுநிலை என்னும் இரண்டோடு நில்லாது, வழுவெனினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி என மூன்றாவது நிலையொன்றையும் நம் முன்னோர் வகுத்தனர்.

இவ்வகுப்பு மனிதன் மனிதனோடு பேசும் மொழிக்கு உரியது. மனிதன் பொறிக்குக் கட்டளையிடத் தொடங்கி இன்று முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அக்கட்டளை மொழியிலும் வழுக்கள் உள. அவற்றைக் காணும் முறைகளும் களையும் முறைகளும் ஒரு மரபாகவே வளர்ந்துள்ளன. அம்மரபின் மிகத் தெளிந்த வடிவத்தை, லினக்ஸ் என்னும் கணினி முறைமையை அதன் மூலநிரலிலிருந்து ஒருவர் தம் கையாலேயே கட்டியெழுப்பும் பயிற்சியிற் காணலாம். அப்பயிற்சியில் நேரும் கட்டளை வழுக்களின் வரலாற்றையும் இயல்பையும் ஆராய்ந்து, மலையகத்திலிருந்து கணினியை நோக்கும் ஒருவருக்கு அதனாலாகும் பயன் யாது என வினவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேயிலைக் கணக்கும் கணினியும்

கணினி வரலாற்றுக்கும் தேயிலைக்கும் யாதொரு தொடர்பும் இல்லையெனப் பலர் எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. உலகில் வணிக நிறுவனமொன்றின் அன்றாட அலுவலுக்கெனப் பயன்பட்ட முதற் கணினியை ஆக்கியது ஒரு தேநீர்க் கம்பனியே. 1894 இல் இலண்டன் பிக்கடில்லியில் தனது முதலாவது தேநீர்ச்சாலையைத் திறந்த ஜே. லயன்ஸ் கம்பனி, இரண்டாம் உலகப் போரின் பின் தனது பெருகிய கணக்கு வேலைகளைப் பொறியால் ஆற்ற முடியுமா என ஆராய்ந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மொறிஸ் வில்க்ஸ் ஆக்கிக்கொண்டிருந்த எட்சாக் என்னும் கணினிக்கு 3,000 பவுண் உதவியளித்து, அதன் அமைப்பைத் தழுவித் தானும் ஒரு கணினியை ஆக்கியது. லியோ எனப் பெயர் பெற்ற அக்கணினி 1951 இல் வெதுப்பகக் கணக்குகளைச் செய்யத் தொடங்கியது. ஊழியர் ஊதியக் கணக்கும் தேயிலைக் கலவைக் கணக்கும் பின்னர் அதனிடம் ஒப்படைக்கப்பட்டன. அனுபவமுள்ள எழுதுவினைஞர் ஒருவர் 8 நிமிடத்திற் செய்த ஒரு தொழிலாளியின் ஊதியக் கணக்கை அது ஒன்றரை விநாடியிற் செய்து முடித்தது.

இலண்டன் தேயிலைச் சந்தைக்கு இலங்கைத் தேயிலை 1873 ஆம் ஆண்டிலிருந்தே சென்றுகொண்டிருந்தது. எனினும் லியோ இயங்கத் தொடங்கிய நாட்களில் இம்மலைகளிற் கொழுந்து கொய்தோரின் நிலையை நோக்குதல் வேண்டும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியிருந்தது. அவர்களது நாட்சம்பளம் தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் கையாலேயே பதியப்பட்டது. தேயிலை ஒன்றே, அதன் ஒரு முனையிற் கணினியும் மறு முனையிற் கூடையும் இருந்தன. இம்முரண் நாம் பின்னர்க் கூறவிருக்கும் கருத்துக்கு அடிப்படையாகும்.

கட்டளை வழுவைப் பற்றிய சிந்தனையும் இக்காலத்திலேயே தோன்றிற்று. 1949 மே மாதத்தில் எட்சாக் இயங்கியபோது, சரியான கட்டளைத் தொடரை எழுதுதல் எதிர்பார்த்ததுபோல் எளிதன்று என்பது வெளிப்பட்டது. தம் வாழ்நாளின் நல்லதொரு பகுதி தம்முடைய நிரல்களிலுள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகின்றதென அப்போது உணர்ந்ததாக வில்க்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். அவருடன் பணியாற்றிய ஸ்டான்லி கில், எட்சாக் நிரல்களிற் பிழைகளைக் கண்டறியும் முறை பற்றி 1951 இல் றோயல் சொசைட்டியின் வெளியீட்டில் ஆய்வுக் கட்டுரையொன்று எழுதினார். வழுவை வெட்கத்துக்குரியதாக மறைக்காது ஆய்வுப்பொருளாகக் கொண்ட இம்மனப்பான்மையே பின்வந்த மரபுக்கு வித்தாயிற்று.

மூலம் அடைபட்டதும் திறந்ததும்

1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் யூனிக்ஸ் என்னும் முறைமையைத் தொடங்கினர். 1971 இல் வெளிவந்த அதன் முதற் கையேட்டிலேயே, கட்டளைகளின் விளக்கத்தோடு அவற்றின் குறைகளைக் கூறும் பகுதியும் இடம்பெற்றது. தம் ஆக்கத்தின் குறையைத் தாமே அச்சிட்டு வழங்கிய நேர்மை பாராட்டுக்குரியது. 1973 இல் யூனிக்ஸின் கரு சி மொழியில் மீள எழுதப்பட்டது. இதனால் ஒரு பொறிக்கென எழுதிய மூலநிரலை வேறொரு பொறியிலும் தொகுத்து இயக்கும் வழி பிறந்தது. 1976 இல் ஸ்டுவர்ட் ஃபெல்ட்மன் மேக் என்னும் கருவியை ஆக்கினார். எந்தக் கோப்பு எதனைச் சார்ந்தது, எது முதலிற் தொகுக்கப்பட வேண்டும் என்பதை நிரல்படுத்தி நடத்துவது அக்கருவியின் தொழில்.

அக்காலத்திற் பல்கலைக்கழகங்களுக்கு யூனிக்ஸின் மூலநிரல் கிடைத்தது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் லயன்ஸ் என்பவர் 1976 இல் அம்மூலத்துக்கு ஒரு விரிவுரையே எழுதி மாணவருக்குக் கற்பித்தார். ஆனால் 1979 இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிம நிபந்தனைகள், மூலநிரலை வகுப்பறையிற் கற்பிப்பதைத் தடைசெய்தன. நூலைப் பயன்படுத்தலாம், அதன் மூலபாடத்தை ஓதலாகாது என்ற நிலை ஏற்பட்டது. ஒல்லாந்துப் பேராசிரியர் அன்ட்ரூ தனன்போம் மாணவர் கற்பதற்கென மினிக்ஸ் என்னும் சிறு முறைமையை எழுதி 1987 இல் வெளியிட்டமைக்கு இத்தடையே காரணமாயிற்று.

இதற்கிடையில் றிச்சர்ட் ஸ்டோல்மன், எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய முழு முறைமையொன்றை ஆக்கப்போவதாக 1983 செப்ரெம்பரில் அறிவித்தார். குனூ எனப்படும் அத்திட்டத்தின் தொகுப்பியாகிய ஜி.சி.சி. 1987 இலும், பாஷ் என்னும் கட்டளைச் செயலி 1989 இலும் வெளிவந்தன. கருவிகள் பலவும் இருந்தன. கரு மட்டும் இல்லை. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஓகஸ்ட் 25 இல் தம் முயற்சியை அறிவித்துச் செப்ரெம்பரில் முதற் பதிப்பை வெளியிட்டார். அதே ஆண்டு ஒக்ரோபரில் வெளிவந்த யூனிகோட் முதற் பதிப்பில் தமிழ் எழுத்துகளும் இடம்பெற்றன. ஒரே பருவத்தில் நிகழ்ந்த இவ்விரண்டும் நமக்கு ஒருங்கே முக்கியமானவை.

1993 இலிருந்து ஸ்லக்வெயர், டெபியன் முதலிய ஆயத்தத் தொகுப்புகள் தோன்றின. அவற்றை நிறுவுதல் எளிது; ஆயினும் உள்ளே நடப்பது யாதெனப் பயனர் அறியார். இக்குறையை உணர்ந்த ஜெரார்ட் பீக்மன்ஸ் 1999 இல் லினக்ஸ் ஃப்ரொம் ஸ்க்ராட்ச் என்னும் நூலைத் தொடக்கினார். சுருக்கமாக எல்.எஃப்.எஸ். எனப்படும் இந்நூல் ஆயத்த முறைமை எதனையும் தருவதில்லை. எம்மூலநிரலை எந்த ஒழுங்கில் எக்கட்டளையாற் கட்டுதல் வேண்டும் என்பதை மட்டுமே கூறும்; கட்டுவது படிப்பவர் பொறுப்பு. ஆகவே வழு நேர்வதும் அதனைத் தேடுவதும் அப்பயிற்சியின் உடன்பிறப்புகளாகின்றன.

எழுவகை வழுவும் கட்டளையும்

இப்பயிற்சியில் நேரும் வழுக்களை நன்னூலாரின் பகுப்போடு ஒப்புநோக்கினால் வியக்கத்தக்க பொருத்தங்கள் புலனாகின்றன.

முதலாவது இடவழு. ‘கட்டளை காணப்படவில்லை’ என்னும் செய்தியே தொடக்கநிலையினரை அதிகம் மருட்டுவது. இச்செய்தியின்போது கட்டளைச் செயலி 127 என்னும் எண்ணைத் திருப்பியளிக்கும். கட்டளை அறவே இல்லையென்பது இதன் பொருளன்று. பாத் என்னும் சூழல் மாறியிற் குறிக்கப்பட்ட அடைவுகளை வரிசையாகத் தேடியும் கிடைக்கவில்லை என்பதே பொருள். எனவே எழுத்துக் கூட்டல் சரியா, அக்கருவி நிறுவப்பட்டுள்ளதா, அதன் அடைவு பாத்தில் உள்ளதா என்ற மூன்றையும் முறையே நோக்குதல் வேண்டும். நாம் நிற்கும் அடைவு பொதுவாகத் தேடலில் அடங்காது. அதனாற்றான் கொன்ஃபிகர் என்னும் கட்டளையின் முன் புள்ளியும் சாய்கோடும் இடப்படுகின்றன. கோப்பு கிடைத்தும் அதனை இயக்க அனுமதி இல்லையெனின் திரும்பும் எண் 126. அப்போது தேடவேண்டியது இடத்தை அன்று, உரிமையை.

இரண்டாவது காலவழு. எல்.எஃப்.எஸ். முறையிற் கட்டும் ஒழுங்கு மாறலாகாது. பின்யூட்டில்ஸ், ஜி.சி.சி., கருவின் தலைப்புக் கோப்புகள், ஜிலிப்சி என அமைந்த வரிசையில் ஒன்றைத் தாண்டினால் பின்வருவது தடைப்படும். பாஷ் செயலி ஒருமுறை கண்ட கட்டளையின் இடத்தை நினைவில் வைத்திருக்கும். புதிய கருவி வந்த பின்னும் பழைய இடத்தையே நாடும். இறந்தகாலத்தை நிகழ்காலமாக மயங்கும் இவ்வழுவைத் தவிர்க்கவே அந்நினைவை நிறுத்திவிடுமாறு நூல் பணிக்கின்றது. மேக் கருவியோ கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டே எதனை மீளத் தொகுப்பதெனத் தீர்மானிக்கும். பழைய கணினிகளில் மின்கலம் தளர்ந்து கடிகாரம் பின்செல்லுமாயின், கோப்பின் நேரம் எதிர்காலத்தில் உள்ளதென மேக் எச்சரிக்கும்.

நம் நாட்டில் இவ்வகையோடு மின்வெட்டையும் சேர்த்தெண்ணுதல் தகும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை எவரும் மறந்திரார். ஜி.சி.சி. தொகுப்புப் பல மணி நேரம் எடுக்கக்கூடியது. இடையில் மின்சாரம் அற்று மீண்டும் கணினியை இயக்கும்போது, கட்டும் வட்டுப்பிரிவு இணைக்கப்படாமலும் சூழல் மாறிகள் மறைந்தும் இருக்கும். நேற்றுச் சரியாயிருந்த கட்டளை இன்று பிழைப்பது இதனாலேயே. மீளத் தொடங்குமுன் இணைப்புகளையும் மாறிகளையும் சரிபார்த்து, அரைகுறையாகத் தொகுத்த அடைவை அகற்றி, மூலப்பொதியைப் புதிதாக விரித்தலே பாதுகாப்பான வழியாகும்.

மூன்றாவது திணைவழு. உயர்திணையும் அஃறிணையும் மயங்கலாகாதவாறுபோல, ஏற்கெனவே இயங்கும் தாய்முறைமையும் புதிதாகக் கட்டப்படும் முறைமையும் மயங்கலாகாது. புதிய முறைமையின் இருப்பிடத்தைக் குறிக்கும் எல்.எஃப்.எஸ். என்னும் மாறி வெறுமையாயிருப்பின், அதனுட் செல்லவேண்டிய கோப்புகள் தாய்முறைமையின் மேலேயே எழுதப்பட்டு அதனைக் கெடுக்கும். தொடக்கப் பணிகளை எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராகச் செய்யாது, அதிகாரம் குறைந்த தனிப் பயனராகச் செய்யுமாறு நூல் வற்புறுத்துவது இதுபற்றியே. அதிகாரம் குறைந்தவனின் பிழை அவனைச் சூழ்ந்த சிறிதையே கெடுக்கும். அதிகாரம் மிகுந்தவனின் பிழை அனைத்தையும் கெடுக்கும்.

நான்காவது வினாவழு, அதாவது கட்டளை பிழைபட அமைதல். கணினிக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. நீண்ட கட்டளையை அடுத்த வரிக்குத் தொடரும்போது வரி முடிவில் இடப்படும் பின்சாய்கோட்டின் பின் ஒரு வெற்றிடம் தவறி நுழைந்தாலும் தொடர்ச்சி அறுந்து, அடுத்த வரி தனிக் கட்டளையாகக் கொள்ளப்படும். ‘காணப்படவில்லை’ என்னும் செய்தி எழும். அச்சுப் பிரதியைப் பார்த்துத் தட்டச்சிடுவோர் ஒன்று என்னும் எண்ணையும் ஆங்கில எல் எழுத்தையும், குறுங்கோட்டையும் நெடுங்கோட்டையும் வேறுபடுத்திக் காணப் பழகுதல் வேண்டும்.

ஐந்தாவது விடைவழு. வினா சரியாயிருந்தும் விடை திசைதிருப்புவதுண்டு. யூனிக்ஸின் பழைய பதிப்புக் கருவியாகிய எட், எப்பிழைக்கும் ஒரு கேள்விக்குறியையே விடையாகத் தந்தது. இன்றும், கோப்பு கண்முன் இருக்கவும் ‘அத்தகைய கோப்பு இல்லை’ எனச் செய்தி வருவதுண்டு. இல்லாதது அக்கோப்பன்று, அதனை நினைவகத்தில் ஏற்றி இயக்கும் வேறொரு கோப்பே இல்லாதது. புதிய முறைமையினுள் முதன்முதல் நுழையும் கட்டத்தில் இவ்வழு நேர்வதுண்டு. ‘தொகுப்பியால் இயங்கு கோப்பை ஆக்க இயலவில்லை’ என்று கொன்ஃபிகர் கூறுமிடத்தும் உண்மைக் காரணம் திரையில் இராது. கொன்ஃபிக் லொக் என்னும் பதிவேட்டினுள்ளேயே இருக்கும்.

ஆறாவது மரபுவழு. ஒரே பெயருடைய ஷெல் ஒரு முறைமையிற் பாஷையும் மற்றொன்றில் டாஷையும் குறிக்கும். உபுண்டு 2006 இல் தன் ஷெல்லை டாஷாக மாற்றியபோது, பாஷ் வழக்கில் எழுதப்பட்ட பல கட்டளைகள் அங்கு பிழைத்தன. ஒரு வட்டார வழக்கு மற்றொரு வட்டாரத்தில் விளங்காமை போன்றது இது. ஆகவே கட்டத் தொடங்குமுன் தாய்முறைமையின் கருவிகளையும் அவற்றின் பதிப்புகளையும் சோதிக்கும் சிறு நிரலொன்றை எல்.எஃப்.எஸ். நூல் தருகின்றது. அதனைப் புறக்கணிப்போர் பின்னர்ப் பலமடங்கு காலத்தை இழப்பர்.

ஏழாவதாகிய பால்வழுவுக்கு மட்டும் நேரிய இணை இங்கில்லை. வலிந்து பொருத்துதல் ஆய்வுக்கு அழகன்று.

வழுவமைதிக்கோ சிறந்த எடுத்துக்காட்டுகள் உள. மேக் கருவியின் கட்டளை வரி டாப் எழுத்தோடுதான் தொடங்கவேண்டும். வெற்றிடங்கள் இட்டால் ‘பிரிப்பான் இல்லை’ எனப் பிழை காட்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இது நல்ல ஏற்பாடன்று என்பதை ஃபெல்ட்மன் விரைவிலேயே உணர்ந்தார். ஆனால் அதற்குள் ஏறத்தாழ ஒரு டசின் நண்பர்கள் அதனைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தமையால், அவர்களுக்கு இடையூறு செய்ய விரும்பாது விட்டுவிட்டார். அப்பன்னிருவரின் பொருட்டு விடப்பட்டது இன்று உலகமெங்கும் விதியாயிற்று. ஆன்றோர் வழக்கு இலக்கணமாகும் முறை இதுவே போலும்.

இறுதி வரியும் முதற் காரணமும்

வழுக் களைவதில் தலையாய விதி ஒன்றுண்டு: இறுதி வரியை நம்பற்க, முதலிற் தோன்றிய பிழையைத் தேடுக. தொகுப்பு நின்றவிடத்து ‘மேக்: பிழை 2’ எனத் திரையிற் காண்பது விளைவே, காரணம் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு மேலே கிடக்கும். பல வேலைகளை ஒருங்கே நடத்தும்போது வரிகள் கலந்துவிடுமாதலால், ஒரு வேலையாகக் குறைத்து மீள ஓட்டுதலும், வெளியீடு முழுவதையும் கோப்பிற் பதிந்துகொள்ளுதலும் அறிந்தோர் கைக்கொள்ளும் முறைகள்.

தேயிலைத் தொழிற்சாலையை அறிந்தோர்க்கு இது புதிதன்று. கொழுந்து வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, நொதித்து, உலர்த்திச் சலிக்கப்படுகின்றது. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகின்றது. சலிக்கும்போதோ சுவைக்கும்போதோ வெளிப்படும் குறை, வாட்டுமிடத்திற் காற்று மிகுந்தோ குறைந்தோ விட்டதன் விளைவாக இருக்கலாம். தேர்ந்த டீ மேக்கர் சலிப்பவரை ஏசமாட்டார்; படிப்படியாகப் பின்னோக்கிச் செல்வார். 1925 இல் நிறுவப்பட்டுத் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்துள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகளும் காரணங்களை இவ்வாறு பின்னோக்கித் தேடுவனவே.

ஆனால் கொழுந்துக்கு வழங்கிய இந்நீதி அதனைக் கொய்தோருக்கு வழங்கப்பட்டதா? தோட்டத்திற் கட்டளை பெரிய துரையிடம் பிறந்து, சின்னத்துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி வழியாகப் பெரட்டுக்களத்தில் நிற்பவரை அடைந்தது. கவ்வாத்துப் பிந்தியிருக்கலாம், உரம் இடப்படாதிருக்கலாம், மழை பொய்த்திருக்கலாம். நிறையிற் குறைந்தாலோ அரைப்பேர் விழுவது கூடை சுமந்தவரின் பெயருக்கே. இறுதி வரியே காரணமெனக் கொண்ட கணக்கு அது. கட்டளையின் பாதையை மேல்நோக்கித் தேடும் உரிமை அவருக்கு இருக்கவில்லை. மூலநிரல் திறந்த முறைமையில் அவ்வுரிமை கட்டளையிடுவோன் எவனுக்கும் உண்டு. இவ்வேறுபாடு தொழில்நுட்பம் பற்றியது மட்டுமன்று.

வழுச்செய்தியின் மொழி

இங்கு இன்னொரு தடையையும் மறைக்காது கூறுதல் வேண்டும். வழுச்செய்திகள் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்க் குறியீட்டுக்கென இலங்கைத் தரம் 1326, 2008 இல் வகுக்கப்பட்டது. ஜிலிப்சியில் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி அமைப்புகள் உள்ளன. கே.டி.ஈ., குனோம் ஆகிய திரைமுகப்புகளைத் தன்னார்வலர் தமிழாக்கியுள்ளனர். ஆயினும் கட்டும் வேளையில், எதிர்பாராத விளைவுகளைத் தவிர்க்கும்பொருட்டு மொழி அமைப்பைப் பொதுநிலைக்கு மாற்றிவிடுமாறு எல்.எஃப்.எஸ். நூல் கூறுகின்றது. அப்பொதுநிலையின் மொழி ஆங்கிலமே. தாய்மொழியை வாசலில் விட்டே கட்டடத்தினுட் செல்லவேண்டியுள்ளது.

தோட்டப் பாடசாலையிற் கற்று வந்த மாணவர் பலர் இவ்விடத்திற் திகைப்பர். ஆனால் அடிக்கடி எதிர்ப்படும் வழுச்செய்திகள் ஒரு சில டசின்களே. அவற்றின் பொருள், காரணம், தேடும் ஒழுங்கு ஆகியவற்றைத் தெளிந்த தமிழில் ஒரு சிறு கைநூலாக்குதல் ஆகாத காரியமன்று. அப்பணி கணினித்துறை மாணவருக்கு மட்டும் உரியதன்று. ‘காணப்படவில்லை’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்த்துவது மொழி கற்றோரின் பணியுமாகும். கலைப்பீட மாணவர் இதிற் பங்குகொள்ளத் தயங்குதல் வேண்டா.

மலையகத்தின் கொழுந்து ஒன்றரை நூற்றாண்டாகப் பிறர் கலவைக்கு மூலப்பொருளாகச் சென்றுள்ளது. கலவைக் கணக்கை லியோ செய்த காலத்தில், அக்கணக்கின் மூலத்தை நம்மவர் காணும் வழி இருக்கவில்லை. இன்று முறைமையொன்றின் மூலம் முழுவதும் திறந்து கிடக்கின்றது. பழைய கணினியொன்றும் பொறுமையும் உடைய எவரும் அதனைக் கட்டிப் பார்க்கலாம். கட்டும்போது கட்டளைகள் பிழைக்கும். பிழைத்தவிடத்து முதற் காரணத்தைத் தேடிச் செல்லும் பழக்கம் கைவரும். அப்பழக்கம் கணினியோடு நின்றுவிடாது, சம்பளச் சீட்டையும் சட்ட விதியையும் வாசிக்கும் முறையிலும் படியுமாயின், மூலநிரல் கற்றதன் பயன் நம் சமூகத்துக்கு முழுமையாகக் கிட்டும்.